மூன்று வேலை நாள் மௌனம்

கூட்டத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டவன் நான். பல வருடம் அதை ஒழுக்கமாகக் கடைப்பிடித்தும் வந்தேன். அன்றைக்கு ஏசி வேலை செய்யவில்லை. மூச்சு விடுவதற்காக வாயைத் திறந்தேன். மூச்சோடு சேர்ந்து ஒரு யோசனையும் வெளியே வந்துவிட்டது.

எங்களுடையது ஒரு ஆஸ்பத்திரிக் குழுமத்தின் கணினிப் பிரிவு. ஆஸ்பத்திரிகள் பளபளப்பான இடங்களில் இருக்கின்றன. நாங்கள் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறோம். எங்கள் வேலை, ஆஸ்பத்திரிக் கணினிகளுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் சிறு சிறு மென்பொருள்களைப் பார்த்துக்கொள்வது. அவற்றைச் சர்வீஸ் என்போம். ஒரு சர்வீஸ் பில் போடும், ஒன்று காலிப் படுக்கைகளை எண்ணும், ஒன்று ரத்த வங்கிக் குளிர்பெட்டியின் சூட்டைக் கண்காணிக்கும். சில சர்வீஸ்கள் என்ன செய்கின்றன என்பது அவற்றுக்கு மட்டுமே தெரியும்.

முந்தின வாரம் அப்படி ஒன்றை, யாருக்கும் பயன்படவில்லை என்று நினைத்து நிறுத்திவிட்டோம். மறுநாள் மூன்று ஆஸ்பத்திரிகளில் பிணவறைக் கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் புகார் எதுவும் கொடுக்கவில்லை. வெளியே நின்றவர்கள் கொடுத்தார்கள். அதற்காகத்தான் கூட்டம்.

கூட்டத்தை நடத்தியவர் எங்கள் இயக்குநர். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் முன்னுரை. எதைப் பேசினாலும் அது முன்னுரையாகவே இருக்கும். விஷயம் வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். அன்று அதிசயமாக ஒரு கேள்வி கேட்டார். நம்மிடம் மொத்தம் எத்தனை சர்வீஸ் ஓடுகிறது? ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

"ஒரு லிஸ்ட் போட்டு வச்சா போதும் சார்."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது தும்பிக்கை இருக்கிறது. நான் வெறும் வாயால் அதைச் செய்தேன். அடுத்த வாரமே லிஸ்ட் போட்டுக் காட்டினேன். நான்கே கட்டங்கள். சர்வீஸின் பெயர், அது செய்யும் வேலை, பார்த்துக்கொள்பவர், நிறுத்தினால் யாருக்குக் கஷ்டம். முன்னுரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விருந்துக்கு அழைத்து வெந்நீர் கொடுத்தால் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று.

"லிஸ்ட் யார் வேணா போடலாம்," என்றார். "மளிகைக் கடைக்காரரே போடறார். நாம செய்யப் போறது ஒரு ஒப்புதல் பண்பாடு. ஒரு சர்வீஸ் இருக்கா இல்லையாங்கறது முக்கியமில்ல. அது இருக்கலாம்னு நாம சொன்னோமா? அதான் முக்கியம்."

இப்படியாக என் லிஸ்ட் 'சேவைப் பதிவேடு' ஆயிற்று. எந்த சர்வீஸானாலும் விண்ணப்பித்து, ஒப்புதல் பெற்று, பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாதது ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமையோடு நிறுத்தப்படும். மூத்த அதிகாரிகளைக் கொண்ட ஒரு ஒப்புதல் குழு அமைந்தது. நான் அதன் ஒருங்கிணைப்பாளர். அதாவது, திட்டு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது வந்து சேரும் இடம்.

குழுவில் வேகமானவர் பாதுகாப்பு அதிகாரி. அவரை எல்லோரும் பூட்டு என்பார்கள், நேரில்கூட. அவருக்கு அதில் பெருமைதான். ஒவ்வொரு அதிகாரியும் தன் இருப்பைக் காட்ட விண்ணப்பத்தில் சில கேள்விகளைச் சேர்த்தார். இந்த சர்வீஸ் ஏன் பிறந்தது? இது இல்லாத உலகத்தை விவரிக்கவும். பூட்டு சேர்த்தது இது: இந்த சர்வீஸ் தவறான கைகளில் சிக்கினால் என்ன ஆகும்? இதுவரை சிக்கவில்லை என்றால், ஏன்?

என் நான்காவது கட்டம் மட்டும் நீக்கப்பட்டது. நிறுத்தினால் யாருக்குக் கஷ்டம் என்பது உணர்ச்சிவசப்பட்ட கேள்வி என்று கருத்து வந்தது.

பதிவேடு எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்றார் பூட்டு. உரிமையாளர் இல்லாத சர்வீஸ் ஒன்றைத் தேடிப்பிடித்து எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். அது எங்கள் கூட்ட அறைகளை முன்பதிவு செய்யும் சர்வீஸ். மறுநாளிலிருந்து எந்த அறைக் கதவிலும், உள்ளே ஆள் இருப்பதாகக் காட்டும் சிவப்பு விளக்கு அணையவில்லை, பூட்டும் திறக்கவில்லை. ஒப்புதல் குழு படிக்கட்டில் கூடியது. பதவி வரிசைப்படி மேலிருந்து கீழாக நின்றோம். நான் கடைசிப் படியில் நின்றதால் கூட்டத்தில் பாதி எனக்குக் கேட்காது. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்கும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் நான் குறை சொல்லவில்லை.

இதெல்லாம் ஆபீஸ் கூத்து என்று நானும் சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்திருப்பேன். வீட்டில் என் மாமனார் இருந்தார்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இரண்டு சிறுநீரகமும் போய், ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் டயாலிசிஸ். வேன் வந்து அழைத்துப் போகும். முந்தின நாள் மாலை ஒரு போன் வரும். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருக்கும் ஒரு பெண் எப்போதோ பதிவு செய்துகொடுத்த குரல். "வணக்கம். நாளை காலை ஆறரை மணிக்கு வேன் வரும். உங்கள் நாற்காலி எண் ஐந்து. மருந்துச் சீட்டை எடுத்து வரவும்." அவ்வளவுதான். உடனே வைத்துவிடும்.

மாமனார் அதை மிஷின் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. ஒவ்வொரு முறையும், "சரிம்மா, வந்துடறேன். சாப்டியா?" என்பார். அதற்குள் தொடர்பு அறுந்திருக்கும். போனைப் பார்த்து, "கூட்டம் ஜாஸ்தி போல, பாவம்," என்பார்.

அந்த அழைப்பை அனுப்புவது எங்கள் சர்வீஸ்களில் ஒன்று. என் லிஸ்டில் அதற்கு நேரே, பார்த்துக்கொள்பவர் என்ற கட்டத்தில், ஓரச்சீட்டுக்காரரின் பெயர் இருந்தது.

ஜன்னலோரம் கடைசி இருக்கை அவருடையது. அதனால் அந்தப் பெயர். சீனியர் பொறியாளர். கூட்டத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்ற பாடத்தை நான் கற்றது அவரைப் பார்த்துத்தான். போன வருடம் ஒரு விடுமுறை நாளில், வீட்டில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போய்ச்சேர்ந்தார். அவர் நாற்காலி அப்படியே இருந்தது. கணினியில் அவர் கணக்கும் அப்படியே இருந்தது. ஏன் மூடவில்லை என்று மனிதவளப் பிரிவு மேடத்தைக் கேட்டேன்.

"விலகற காரணத்துல இறப்புன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு," என்றார் மேடம். "ஆனா அதை அந்த எம்ப்ளாயீதான் லாகின் பண்ணி செலக்ட் பண்ணணும். லேப்டாப் திருப்பிக் குடுத்ததுக்குக் கையெழுத்தும் போடணும். நான் மூணு மெயில் போட்டுட்டேன். ரிப்ளையே பண்ணல."

குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அவர் இறந்ததற்கா, பதில் போடாததற்கா என்று தெரியவில்லை.

சரி, உரிமையாளரை மாற்றி என் பெயரில் எழுதிக்கொள்கிறேன் என்று போனால், அதற்குப் பழைய உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்று விதி இருந்தது. விதியை எழுதியது யார் என்று பார்த்தேன். நான்தான். முன்னுரை சொல்லச் சொல்ல எழுதியது.

இதற்கிடையில் பதிவேடு வெறுமையாகவே கிடந்தது. விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. ஒரு அதிகாரியும் ஒப்புதல் பொத்தானைத் தொடவில்லை. முதலில் அழுத்தியவர் மாட்டிக்கொள்வாரோ என்று ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் மறுபடி வாயைத் திறந்தேன். மூன்று வேலை நாளுக்குள் அதிகாரி எதுவும் சொல்லாவிட்டால், ஒப்புதல் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளலாமே. மௌனம் சம்மதம்.

படிக்கட்டு முழுவதும் மகிழ்ச்சி பரவியது. எதுவும் செய்யாமல் இருப்பதற்கே ஒரு செயல் என்று பெயர் கிடைத்துவிட்டதல்லவா. முன்னுரை என் தோளைத் தட்டினார்; இரண்டு படி இறங்கி வந்து தட்டினார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

அப்படியானால் ஓரச்சீட்டுக்காரரின் மௌனத்தையும் சம்மதமாக எடுத்துக்கொண்டு உரிமையை மாற்றலாமா என்று மெல்லக் கேட்டேன். பூட்டு தலையை ஆட்டினார்.

"ஒப்புதல்ல மௌனம் சம்மதம். உரிமை மாத்தறதுல மௌனம் சந்தேகம். சொந்தக்காரர் சும்மா இருக்காருன்னா, யாரோ வாயைப் பொத்தியிருக்காங்கன்னு அர்த்தம்."

பொத்தியது யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்மீது நடவடிக்கை எடுக்க எங்கள் பாதுகாப்புக் கொள்கையில் இடமில்லை.

புது விதி வந்த பிறகு ஒன்று நடந்தது. சும்மா இருந்தாலே போதும் என்று சொல்லிவிட்டால் மனிதனால் சும்மா இருக்க முடிவதில்லை. அதிகாரிகள் மூன்றாம் நாள் மாலை விழித்துக்கொண்டு ஏதாவது ஒரு கேள்வி கேட்டுவைத்தார்கள். கேள்வி கேட்டால் மௌனம் கலைந்துவிடும். நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அப்போது பில் பிரிவுக்காரர் ஒருவர், விண்ணப்பத்தில் ஒப்புதல் அதிகாரியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், சீனியர் பொறியாளர்கள் பட்டியலிலிருந்து கைதவறி ஓரச்சீட்டுக்காரரைத் தட்டிவிட்டார். மூன்று வேலை நாள் ஆயிற்று. கேள்வி இல்லை, விளக்கம் கேட்கவில்லை. ஒப்புதல் வந்துவிட்டது.

செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. படுக்கை எண்ணும் சர்வீஸ் அவரிடம் போயிற்று. ரத்த வங்கி போயிற்று. பிணவறைக் கதவும் போயிற்று; அதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. பதிவேடு மளமளவென்று நிரம்பியது. மாதக் கடைசிப் படிக்கட்டுக் கூட்டத்தில் முன்னுரை ஒரு வரைபடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெகிழ்ந்துபோனார். ஒப்புதல்களில் பெரும்பகுதியை ஒரே மனிதர் கொடுத்திருக்கிறார் என்றார். ஒரு தேவையில்லாத கேள்வி கிடையாது, ஒரு தாமதம் கிடையாது, இவரைப் பார்த்து எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

"சார், அவர் இறந்துட்டார்," என்றேன் கீழ்ப்படியிலிருந்து.

பூட்டு விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒப்புதல் அதிகாரி சீனியராக இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, வேறு தகுதி எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றார். முன்னுரை என்னைப் பரிவோடு பார்த்தார்.

"உயிரோட இருக்கற எல்லாரும் சேர்ந்து பண்ணாத வேலையை ஒருத்தர் பண்றார். அவரைப் போய் எடுக்கணும்ங்கறீங்களா?"

கூட்டக் குறிப்பில், 'உறுப்பினர் ஒருவர் தெரிவித்த கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று இருந்தது.

நானும் சராசரி மனிதன்தான். மாமனாரின் போன் சர்வீஸுக்கும் ஓரச்சீட்டுக்காரரையே போட்டு அனுப்பினேன். அன்று மாலையே திரும்பி வந்துவிட்டது. சர்வீஸின் உரிமையாளர் தன் சர்வீஸுக்குத் தானே ஒப்புதல் கொடுக்க முடியாது. அந்த மனிதர் ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒப்புதல் கொடுக்கலாம். அவர் கையால் செய்த ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கொடுக்க முடியாது.

வேறு வழியில்லாமல் ஒப்புதல் அதிகாரியாகப் பூட்டைப் போட்டேன். மூன்றாம் நாள் மாலை கேள்வி வந்தது. 'மாலை வேளைகளில் முதியவர்களைத் தொலைபேசியில் அழைப்பதன் உண்மையான நோக்கம் என்ன? உரிமையாளர் விளக்கவும்.' உரிமையாளர் சார்பில் நான் விளக்கினேன். பிறர் சார்பில் பேசியதற்காக எனக்கு எச்சரிக்கை வந்தது. விளக்கத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரையும் கூப்பிட்டுப் பெரிய திரையில் காட்டினார்கள். பதிவேட்டில் ஏறாத சர்வீஸ்களின் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. முன்னுரை கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். என் கையும் தட்டியது. நான் சொல்லித் தட்டவில்லை. பக்கத்துக் கை தட்டியது, இதுவும் போய்ச் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் நாற்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமான நேரம் தாண்டிவிட்டிருந்தது. போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார், திரும்ப மடியில் வைத்தார்.

"நாளைக்கு உங்க நாள்தான் மாமா. காலைல வேன் வந்துடும்," என்றேன்.

"போன் வரலையே."

"அதான் நான் சொல்றேனே."

"நீங்க யாரு?" என்றார். அவமானப்படுத்துகிற குரல் இல்லை. பாஸ் காட்டுங்கள் என்று கேட்கிற கண்டக்டரின் குரல். "நீங்க ஆஸ்பத்திரியா மாப்ளே? நான் வண்டியில எவ்வளவு வருஷம் நின்னிருக்கேன். ரோடு காலியா இருக்கு, எல்லாரும் ஏறியாச்சு, டிரைவருக்கும் தெரியும். இருந்தாலும் விசில் வராம வண்டி எடுக்கக் கூடாது. எடுத்தா யாராவது படிக்கட்டுல தொங்கிட்டு இருப்பான்."

"விசில் அடிக்கறவரு லீவுப்பா," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

"அப்ப வண்டியும் லீவு. கூப்பிடாம போய் நிக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்மா. அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுத்திருந்தாங்கன்னா?"

ஒரு முறை தவறினால் காலில் வீக்கம் ஏறும். இன்னொரு முறையும் தவறினால் நுரையீரலுக்குள் நீர் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி கரண்டியோடு வந்து நின்று என்னைப் பார்த்தாள். உங்கள் ஆபீஸில் ஒரு போன் போடுவதற்கு இத்தனை பேர் கையெழுத்தா என்று அன்று காலைதான் கேட்டிருந்தாள்.

நான் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மாமனாரின் எண்ணை அழுத்தினேன். வெளியே மணி அடித்தது. குரலை முடிந்தவரை உயிரில்லாமல் வைத்துக்கொண்டேன். ஆபீஸிலிருந்து வந்த நேரம் என்பதால் அது கடினமாக இல்லை.

"வணக்கம். நாளை காலை ஆறரை மணிக்கு வேன் வரும். உங்கள் நாற்காலி எண் ஐந்து. மருந்துச் சீட்டை எடுத்து வரவும்."

"சரி, வந்துடறேன்," என்றார் மாமனார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தும் போனிலிருந்தும். "சாப்டியா?"

வைத்துவிட்டேன். வெளியே வந்தபோது மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அழைப்புப் பட்டியல் என் லேப்டாப்பில் திறந்தபடி இருந்தது. மாமனாரைப் போலவே போனை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. நினைப்பு வந்த பிறகு அடுத்த எண்ணை அழுத்தாமல் இருப்பதற்கு ஒரு ஒப்புதல் குழுவின் மனம் வேண்டும்.

ஒரு தையல்காரம்மா, வழக்கமாகப் பேசுகிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். லீவு என்றேன். "பாவம், ஒரு நாள் லீவு போடாத பொண்ணு," என்றார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் என்னை மறுபடி சொல்லச் சொல்லி, 'நாற்காலி'யை நான் அவசரமாக உச்சரிப்பதாகத் திருத்தினார். ஒருவருக்கு நான் மனிதன் என்று தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது; மிஷின் இருக்கும்போது ஆளை வைத்து ஏன் கஷ்டப்படுத்துகிறார்கள் என்றார். ஏழாம் எண் நாற்காலிக்காரர் வீட்டில் மகன் எடுத்தார்.

நான் வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன். அவர் முழுதும் கேட்டார்.

"அப்பா போய் நாலு மாசம் ஆச்சுங்க," என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். புதியவர்கள் பட்டியலில் தானாகச் சேர்ந்துவிடுவார்கள். போனவர்களை ஓரச்சீட்டுக்காரர்தான் கையால் எடுப்பார். அவரே போன பிறகு எடுக்க ஆளில்லை.

"பரவால்லங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். நாங்க எடுத்துக் கேப்போம். ஆறரைக்கு வேன்னு சொன்னதும் அம்மா போய்ப் படுத்துப்பாங்க."

பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடவா என்று கேட்டேன். பதில் இல்லை. பின்னால் ஒரு மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. இந்த மௌனம் சம்மதமா, சந்தேகமா என்று பூட்டிடம் கேட்கவும் முடியாது. வைத்துவிட்டேன். பெயரை எடுக்கவில்லை.

பகலில் ஆபீஸில் பிறருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புவதும், மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசுவதுமாக நாட்கள் போயின. கஷ்டம் என்று சொல்ல முடியாது. தேய்ந்த டயருக்குக் கஷ்டம் தெரியுமா என்ன, உருளும்.

பூட்டுதான் கண்டுபிடித்தார். நிறுத்தப்பட்ட சர்வீஸ்கள் நிஜமாகவே நின்றுவிட்டனவா என்று சரிபார்த்ததில் ஒன்று இடித்தது. போன் சர்வீஸ் நின்ற பிறகும் டயாலிசிஸ் நோயாளிகள் சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு கணினியில் அந்த சர்வீஸ் திருட்டுத்தனமாக ஓடுகிறது என்று முடிவு செய்து, சந்தேகப்பட்ட கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். நோயாளிகள் வந்தார்கள். இன்னும் சிலவற்றை அணைத்தார். அப்போதும் வந்தார்கள். கடைசியில் அறிக்கையில், 'நோயாளிகளின் தொடர் வருகை ஒரு பாதுகாப்புக் குறைபாடு' என்று எழுதினார். பில் கணினியையும் அணைக்கப் போகிறார் என்று தெரிந்ததும் படிக்கட்டில் நான் கையைத் தூக்கினேன்.

"நான்தான் சார் போன் பண்றேன்."

"எந்த சர்வர்லேர்ந்து?" என்றார் பூட்டு.

"வாயிலேர்ந்து."

கீழே யாரோ டயரைத் தரையில் போட்டார்கள். முன்னுரை என்னை நீண்ட நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நல்ல மனிதர், திட்டவில்லை. விதியைப் படிக்கச் சொன்னார். பூட்டு படித்தார். குறித்த நேரத்தில் ஒரு தகவலைப் பெற்று, அதைத் தவறாமல் பிறருக்கு வழங்கும் எதுவும் சர்வீஸ் எனப்படும். எது என்பதில் யார் என்பது அடங்கும் என்று ஒரு உறுப்பினர் விளக்கினார். ஆக நான் பதிவு பெறாத ஒரு சர்வீஸ். இரண்டு வழிதான். என்னை நிறுத்த வேண்டும், அல்லது பதிய வேண்டும்.

"நிறுத்தறது ஈஸி," என்றார் முன்னுரை. "ஆனா நாம பண்பாட்டுக்காரங்க. விண்ணப்பம் போடுங்க."

அன்று மாலை மனைவியை உட்காரவைத்து விண்ணப்பத்தை நிரப்பினேன். இந்த சர்வீஸ் ஏன் பிறந்தது என்பதற்கு, என் பெற்றோருக்கே சரியாகத் தெரியாது என்று எழுதினேன். எத்தனையாவது பதிப்பு என்ற இடத்தில் வயதைப் போட்டேன். இயங்காத நேரம், தூக்கம். பழுதானால் மாற்று ஏற்பாடு, இல்லை. எந்த சர்வீஸைச் சார்ந்து இயங்குகிறது என்ற கேள்விக்கு மனைவி என்று எழுதப் போனபோது அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் போடாதீங்க. நான் ரெஜிஸ்டர் பண்ணலை. என்னையும் வெள்ளிக்கிழமை நிறுத்திடுவாங்க."

உரிமையாளர் என்ற இடத்தை விட்டுவைத்தால் விண்ணப்பம் நகரவில்லை. முன்னுரை பெருந்தன்மையாகத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒப்புதல் அதிகாரி என்ற இடத்தில், எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இந்த முறை தடையில்லை. ஓரச்சீட்டுக்காரர் என் உரிமையாளர் அல்லவே.

மூன்று வேலை நாள் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான். ஏதாவது உதவி கேட்டால் பதிலே வராது. கேட்டதைக் காதில் வாங்கினாரா என்றே சந்தேகமாக இருக்கும். ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால் வேலை முடிந்திருக்கும். நன்றி சொல்லப் போனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மூன்றாம் நாள் மாலை ஒப்புதல் வந்தது. பதிவேட்டில் என் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி. ஜன்னல் பக்கம் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

வீட்டில் வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு மாமனாரின் எண்ணை அழுத்தினேன். ஆறரை மணி, ஐந்தாம் எண், மருந்துச் சீட்டு. சொல்லி முடித்ததும் வைத்துவிட வேண்டும். அன்று விரல் கொஞ்சம் தாமதித்தது.

"மாப்ளே," என்றார் மாமனார்.

நான் சாத்தியிருந்த கதவைப் பார்த்தேன்.

"நீங்க பேசறது முதல்ல கதவு வழியாக் கேக்குது. அப்புறம்தான் போன்ல வருது. முதல் நாள்லேர்ந்து அப்படித்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "பர்மிஷன் வந்துடுச்சாமே. பொண்ணு சொன்னா."

"வந்துடுச்சு மாமா."

"யாரு குடுத்தது?"

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர். ஜன்னலோரம் உக்காருவார்."

"நல்லா இருக்கட்டும்," என்றார். பிறகு, இத்தனை நாள் மிஷின் பதில் சொல்லாத கேள்வியைக் கேட்டார். "சாப்டீங்களா?"

"இல்ல மாமா. இன்னும் நிறைய பேர் பாக்கி."

"அப்ப வைங்க. போனை மடியில வச்சுட்டு உக்காந்திருப்பாங்க."

நான்தான் முதலில் வைக்க வேண்டும் என்று அவர் வைக்காமல் காத்திருந்தார். வைத்தேன். பட்டியலில் அடுத்தது ஏழாம் எண் நாற்காலி. அந்த எண்ணை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.